மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே தங்கி டைவ்: எங்க ஏரியா ஆட்களுக்காக ஒரு ரிவியூ

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓபன் வாட்டர் என்கிற ஆரம்பநிலை ஸ்கூபா சான்றிதழை முடித்து, அதற்கு அப்புறமும் நாற்பது ஐம்பது டைவ் போட்டு, நீரோட்டம் இழுத்தால் பதறாமல் இருக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு மாலத்தீவு சஃபாரி படகு கொடுக்கிற காசுக்குத் தகும். பாண்டிச்சேரியில் சான்றிதழ் வாங்கிய கையோடு இங்கே பணம் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்தமானில் ஹேவ்லாக் பக்கம் ஒன்றிரண்டு முறை போய் கையும் காலும் தண்ணீருக்குப் பழகட்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது ஸ்கூபா கற்றுக்கொண்டு என்னிடம் விவரம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். படகின் பெயரைப் போடவில்லை. ஒரே படகில் கைடும் கேப்டனும் சீசனுக்கு சீசன் மாறுவார்கள், அவர்கள் மாறினால் அது வேறு படகு. எதைப் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்தால் போதும்.

காசிமேட்டில் பிறந்தவர்களுக்குக் கடலில் நாள்கணக்கில் தங்குவது புதிதில்லை. எங்க நைனா லாஞ்ச் என்கிற விசைப்படகில் மீன்பிடிக்கப் போனவர், ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சஃபாரி படகில் வேலை ஒன்றுதான்: சாப்பிடு, தூங்கு, தண்ணீரில் இறங்கு. பெரிய படகில் அறையும் சாப்பாடும். அதன் பின்னாலேயே தோணி என்று இன்னொரு சின்னப் படகு வரும், சிலிண்டர், காற்றை ஏற்றி இறக்கி மிதக்கிற ஜாக்கெட், மூச்சு விடுகிற ரெகுலேட்டர், காற்று நிரப்புகிற கம்ப்ரசர் எல்லாம் அதில்தான் இருக்கும். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. கம்ப்ரசர் சத்தம் தூங்குகிற இடத்துக்கு வராது, ஈரமான சாமான் காலில் தட்டாது, முதல் நாள் உங்கள் ஜாக்கெட்டை ஒரு சிலிண்டரில் மாட்டிவிட்டால் கடைசி நாள் வரை அதே இடம்தான். காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். டிபனுக்கு முன்னால் ஒரு டைவ், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மூன்று மணி வாக்கில் ஒன்று, சில நாள் இருட்டிய பின் இன்னொன்று. நடுவில் படகு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். கரையில் ரிசார்ட்டில் தங்கினால் பக்கத்தில் இருக்கிற நாலு இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க முடியும். படகுக்குக் கொடுக்கிற காசு அந்த நகர்தலுக்குத்தான்.

நான் போனது மார்ச்சில். மாலேயில் ஏறி, தெற்கு மாலே அட்டோல், வாவு, தெற்கு ஆரி, வடக்கு ஆரி என்று ஒரு சுற்று சுற்றித் திரும்பவும் மாலே. அட்டோல் என்றால் வளையமாக இருக்கிற பவளத் திட்டு, அந்த வளையத்தில் கடல் தண்ணீர் போய்வருகிற இடைவெளிதான் வாய்க்கால். முதல் முறை போகிறவர்களுக்கு இந்த வழிதான் சரி. மாலத்தீவு மொத்தம் 26 அட்டோல், நடுப்பகுதியில் கிழக்கே ஒரு வரிசை, மேற்கே ஒரு வரிசை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது நீரோட்டம் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். வெளிக்கடலின் தெளிந்த தண்ணீர் கிழக்குப் பக்க வாய்க்கால்கள் வழியாக உள்ளே நுழையும், அங்கேதான் சுறா கூடும். உள்ளே போன தண்ணீர் மேற்குப் பக்கம் வெளியே வரும்போது நுண்ணுயிர்களைச் சுமந்துகொண்டு கொஞ்சம் கலங்கி வரும், அதைத் தின்னக் கொம்புத் திருக்கை, அதாவது மேன்டா, மேற்கே வரும். மே மாதத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று திரும்பினால் எல்லாம் இடம் மாறிவிடும். அதனால் "மேன்டா கட்டாயம் பார்க்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால், எந்த மாதம், எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அவர் அங்கே போனவர் இல்லை.

எங்கள் பக்கம் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே போனால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வண்ணி என்பார்கள். வலை போடுவதா வேண்டாமா என்று நைனா முடிவு செய்வதே அதை வைத்துத்தான். மாலத்தீவு வாய்க்காலில் முக்கியமான கேள்வி தண்ணீர் அட்டோலுக்கு உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்பது. உள்ளே போனால் இறங்கலாம். வேகமாக வெளியே வந்தால் கலங்கலாக இருக்கும், ஆளைச் சுவரோரமாகக் கீழே அழுத்துகிற இழுப்பும் வரலாம். நாங்கள் ஒவ்வொரு முறையும் வாய்க்கால் வாயில் நின்றதும் கைடு மாஸ்க்கும் ஃபின்னும் மட்டும் போட்டுக்கொண்டு தனியாகக் குதிப்பார். தலையைத் தண்ணீரில் வைத்துக் கீழே பார்ப்பார், ஏறி வந்து தோணிக் கேப்டனிடம் அந்த ஊர் மொழியான திவேஹியில் ரெண்டு வார்த்தை, தோணி இன்னும் நூறு மீட்டர் நகரும், மறுபடி குதிப்பார். வாவுவில் ஒரு நாள் இப்படி மூன்று இடத்தில் பார்த்துவிட்டு இன்றைக்கு வேண்டாம் என்று தோணியைத் திருப்பிவிட்டார்கள். ஜாக்கெட் மாட்டி, கேமராவோடு விளிம்பில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் முகம் வாடிப்போனது. எனக்கு அந்தப் படகின் மேல் முழு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான். கெஸ்ட் கோபப்படுவார் என்று தெரிந்தும் வேண்டாம் என்று சொல்கிற கைடு கிடைப்பது பெரிய விஷயம்.

இறங்குகிற நாளில் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் திணறுகிற இடம் இதுதான். ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும், மேலே நின்று மாஸ்க்கைச் சரிசெய்து கொண்டிருக்க நேரமில்லை. காதை விடாமல் சமன் செய்துகொண்டே நேராகக் கீழே இறங்கி, வாய்க்காலின் வெளி விளிம்புக்குப் போய்ச் சேர வேண்டும். பத்து விநாடி தாமதித்தால் நீரோட்டம் உங்களை விளிம்பைத் தாண்டி உள்ளே கொண்டு போய்விடும், டைவ் முடிந்தது. விளிம்பை அடைந்ததும் கயிற்றில் கட்டிய கொக்கியை உயிரில்லாத பாறையாகப் பார்த்து மாட்ட வேண்டும், பவளத்தில் கூடாது. ஜாக்கெட்டில் துளி காற்று விட்டால் உடம்பு எழும்பி, எங்கள் தெரு மொட்டை மாடியில் ஏற்றின காத்தாடி மாதிரி கயிற்றின் நுனியில் நிற்கும். மாஸ்க் முகத்தில் அதிரும். விடுகிற மூச்சுக் குமிழ் மேலே போகாமல் காதோரமாகப் பின்னால் ஓடும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் மாஸ்க்கைப் பிடுங்கப் பார்க்கும், அதனால் எதிரே மட்டும்தான் பார்வை.

எதிரே சாம்பல் நிற ரீஃப் (பவளப்பாறை) சுறாக்கள். நாங்கள் கொக்கி போட்டுப் பிடித்துத் தொங்குகிற அதே தண்ணீரில் அவை சும்மா நிற்கின்றன. வாலைக்கூட ஆட்டுவதில்லை, பக்கத் துடுப்பின் நுனியை லேசாகச் சாய்த்தால் ஒரு மீட்டர் எழும்புகிறது, மறுபக்கம் சாய்த்தால் இறங்குகிறது. ஒன்று எனக்கு நாலைந்து மீட்டர் பக்கத்தில் வந்து நின்றது. செவுள் பிளவு ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடுவது தெரிந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு ஒட்டுமீன், அதுவும் நீரோட்டத்தைப் பார்த்தபடியே இருந்தது. சுறாவை ஏலத் தரையில் வரிசையாகப் பார்த்தும் வீட்டில் புட்டாகச் சாப்பிட்டும் வளர்ந்த எனக்கு, அது நிற்கிற நிலையைப் பார்க்கவே இந்தப் பணம் போதும் என்று தோன்றிவிட்டது. மாலத்தீவு 2010-ல் சுறாப் பிடிப்பதை முழுவதும் தடை செய்தது. இத்தனை சுறாவை ஒரே இடத்தில் பார்க்க முடிவதில் அந்தத் தடைக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். விளிம்பு இருப்பது 25 முதல் 30 மீட்டர் ஆழத்தில். 30 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு, சிலிண்டரில் காற்றும் நான்கு மடங்கு வேகத்தில் தீரும். சாதாரணக் காற்றில் அந்த ஆழத்தில், உடம்பில் கரைகிற நைட்ரஜன் கணக்குப்படி சுமார் 20 நிமிடம்தான் இருக்கலாம், ஆக்சிஜன் 32 சதவீதம் இருக்கிற நைட்ராக்ஸ் என்றால் சுமார் 30 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இறங்குகிறவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. நைட்ராக்ஸ் சான்றிதழை இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள், படகில் வகுப்பு வைத்தால் ஓய்வு நேரம் அதிலேயே போய்விடும். மாலத்தீவு விதிப்படி 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கிற டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று கட்டாயம் இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவருடையதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது உதவாது.

அடுத்தது தோணிக் கேப்டன். கொக்கியைக் கழற்றியதும் நீரோட்டம் நம்மை அட்டோலுக்குள் தூக்கிக்கொண்டு போகும், எங்கே வெளியே வருவோம் என்று நமக்கே தெரியாது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, ஆரஞ்சு மிதவையை மேலே அனுப்பிவிட்டு ஏற வேண்டும். தலையை வெளியே எடுத்தபோதெல்லாம் தோணி முப்பது நாற்பது மீட்டரில் நின்றது. அவர் முன்பக்கம் நின்று குமிழ்களைப் பார்த்துக்கொண்டே வருவார், அலையிருந்தாலும் விடமாட்டார், கையில் எந்தக் கருவியும் கிடையாது. ஒரு தடவை எங்கள் குழு இரண்டாகப் பிரிந்து ஒன்று வடக்கே ஒன்று தெற்கே போய்விட்டது. யார் சிலிண்டரில் காற்று குறைவாக இருக்கும் என்று கணித்து அவர்களை முதலில் எடுத்தார். நைனாவிடம் இதைச் சொன்னபோது மற்ற எதையும் விட இதைத்தான் இரண்டு முறை கேட்டார்.

தெற்கு ஆரியின் மேற்கு ஓரத்தில் கொம்புத் திருக்கை பார்த்தோம். மீன்கள் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள வருகிற ஒரு பாறை மேடு அது. நாம் தாழ்வாக, ஆடாமல் ஒரு பக்கம் இருந்தால் அவை தானாக வரும். அகலம் மூன்று மீட்டர் இருக்கும், தலைக்கு முன்னால் இருக்கிற அந்த இரண்டு கொம்பையும் சுருட்டி வைத்துக்கொண்டு மேட்டின் மேல் வந்து நிற்கிறது. நீலக் கோடு போட்ட சின்ன மீன்கள் செவுளுக்குள் நுழைந்து வெளியே வருகின்றன. அதன் கண் திரும்பி நம்மைப் பார்ப்பது நன்றாகவே தெரியும். வேறு படகிலிருந்து வந்த ஒருவர் படம் எடுக்க வேண்டும் என்று மேட்டின் மேலேயே நீந்திப் போனார், திருக்கை ஒரே வீச்சில் மறைந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் அடுத்த ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. எங்கள் கைடு மேலே ஏறியதும் அந்தக் குழுவின் கைடிடம் போய் நேராகவே பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காதது தெற்கு ஆரியில் இருக்கிற மாமிகிலி. திமிங்கலச் சுறாவுக்குப் பேர்போன இடம், 2009 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி, ஆண்டு முழுவதும் அங்கே சுறா இருக்கிறது, பெரும்பாலும் இன்னும் முழு வளர்ச்சி அடையாத ஆண் சுறாக்கள். உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், தொடக் கூடாது, ஃபிளாஷ் கூடாது என்று எங்களுக்கு முந்தின இரவே சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஒரு சுறாவைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு படகு. சுறா போகிற திசைக்குக் குறுக்கே ஓட்டி ஆட்களைத் தலைக்கு முன்னால் இறக்குகிறார்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் உதைத்துக்கொண்டு நீந்துகிறார்கள். படகின் புரொப்பல்லர் பட்டுத் துடுப்பு வெட்டுப்பட்ட சுறாக்கள் அங்கே உண்டு, நாங்கள் பார்த்ததன் முதுகிலும் பழைய தழும்பு இருந்தது. நம் நாட்டில் 2001 முதல் சட்டம் பாதுகாக்கிற மீன் இது. வலையில் சிக்கினால் வலையை அறுத்து விடுகிற மீனவர்கள் இருக்கிறார்கள், வலை எத்தனை ஆயிரம் என்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். சுற்றுலாக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கக்கூட மாட்டோம் என்றால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நான் ஒரு முறை இறங்கிவிட்டு மறுபடி இறங்கவில்லை. இந்த இடத்தை விட்டுவிட்டு இன்னொரு ரீஃப் டைவ் தருகிற படகு இருந்தால் அதையே எடுங்கள்.

வாவுவில் அலிமதா என்ற இடத்தில் இரவு டைவ். டார்ச் வெளிச்சத்தில் நர்ஸ் சுறாக்கள் காலுக்கு நடுவில் உரசிக்கொண்டு போகும். பலருக்கு இதுதான் பயணத்தின் உச்சம். எனக்கு அது மனிதர் போட்ட தீனிக்குப் பழகின கூட்டமாகவே பட்டது. வடக்கு ஆரியில் மாயா திலா இரவு டைவ் அதை விட எவ்வளவோ மேல்: சின்ன மேடு, உச்சி ஆறேழு மீட்டரில், வெள்ளை முனைச் சுறாக்கள் பாறை இடுக்கில் வேட்டையாடுகின்றன, விலாங்குகள் பொந்தை விட்டு வெளியே வந்து அவற்றோடு போட்டி போடுகின்றன.

பவளத்துக்காக மட்டும் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். 1998-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்துச் செத்ததன் அடையாளம் பல ரீஃப்களின் மேல்பகுதியில் அப்படியே இருக்கிறது, சாம்பல் நிறத்தில் உடைந்த குச்சிக் குவியல். மீன் வளம் வேறு கதை. பாரை, களவா, நம் சங்கராவின் சொந்தக்காரர்கள் என்று சுவர் மாதிரிக் கூட்டம்.

சாப்பாடு நன்றாக இருந்தது. சூரை மீனைத் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோடு பிசைந்து ரொட்டியோடு கொடுக்கிற மாசுஹூனி காலை டிபன். மாசிக் கருவாடு சாப்பிட்டுப் பழகினவர்களுக்கு அந்நியமாகவே தெரியாது. சமையல்காரர் யாழ்ப்பாணப் பக்கத்து அண்ணன். "அண்ணா, கொஞ்சம் காரம் ஏத்துங்க" என்று நான் கேட்டதும், "தமிழ்ப் பிள்ளையோ? நாளைக்கு உறைப்பாச் செய்து தாறன் தங்கச்சி" என்றார். மறுநாள் மதியம் வந்த மீன் குழம்பைப் பற்றி வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அறை சின்னது, சுத்தமாக இருந்தது, ஏசி வேலை செய்தது. தனியாகப் போகிற பெண்கள் அறையில் கூட இருப்பவர் பெண்தானா என்பதை மெயிலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது சரியாகவே நடந்தது.

குறை இரண்டு. முதலாவது காசு. ஏஜெண்ட் சொன்ன தொகை ஆளுக்கு 1,500 டாலருக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி உண்டு என்பது எனக்குத் தெரியும், அதை அரசாங்கம் 2025-லிருந்து இரட்டிப்பாக்கியது. தெரியாதது எரிபொருள் கூடுதல் கட்டணம். கடைசி இரவு பில்லில்தான் அதைப் பார்த்தேன். வாடகைக்கு எடுத்த ரெகுலேட்டரின் வாய்ப்பகுதி கிழிந்திருந்தது, சொன்னதும் மாற்றினார்கள் என்றாலும் வாடகை வாங்குகிறவர்கள் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும். வரி, எரிபொருள், நைட்ராக்ஸ், வாடகை, டிப்ஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரே தொகையாக எழுதிக் கேளுங்கள். விமானத்தோடு சேர்த்து எனக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

இரண்டாவது குறை பெரியது. கீழ்த்தள அறைகளிலிருந்து அவசரமாக வெளியேற ஒரு மூடி இருந்தது, அதன் அடியில் யாரோ பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் போய்ச் சொன்ன பிறகுதான் அகற்றினார்கள். 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு இரவில் தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள், எல்லோரும் கீழே தூங்கிக் கொண்டிருந்தவர்கள், ராத்திரி முழுக்கச் சுற்றி வருகிற காவல் ஆள் அன்று இல்லை. 2024 நவம்பரில் எகிப்தில் சீ ஸ்டோரி என்ற டைவ் படகு மூழ்கியது. அதனால் ஏறின முதல் மணி நேரத்திலேயே கேளுங்கள்: இரவில் விழித்திருப்பது யார், பேட்டரி எங்கே சார்ஜ் போடுவது, என் அறையிலிருந்து இரண்டாவது வழி எது. அந்த வழியில் ஒரு முறை நீங்களே ஏறிப் பாருங்கள். எங்கள் படகில் சார்ஜ் போடுவது மேல்தள ஹாலில், பகலில் மட்டும். அந்த விஷயத்தில் ஒழுங்காகவே இருந்தார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து கொழும்பு வழியாகப் போனேன், விசா மாலேயில் இறங்கியதும் இலவசம், ஆனால் கிளம்புகிறதற்கு 96 மணி நேரத்துக்குள் ஆன்லைன் படிவம் நிரப்ப வேண்டும். பெட்டியில் மது பாட்டில் வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் 28, 29 டிகிரி, 3 மில்லிமீட்டர் சூட் போதும். அட்டோலுக்குள் அலையே இல்லை, வாவுவிலிருந்து ஆரிக்குக் கடக்கிற சில மணி நேரம் ஆட்டும், வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா பல நேரம் வராது, டைவிங்குக்கென்று தனியாக எடுங்கள்.

அடுத்து ஆகஸ்ட் செப்டம்பர் வாக்கில் பா அட்டோல் பக்கம் போக ஆசை. அங்கே ஹனிஃபாரு வளைகுடாவில் திருக்கைகள் கூட்டமாக இரை தின்ன வரும், சிலிண்டரோடு இறங்க அனுமதி இல்லை, ஸ்நார்க்கல் மட்டும்தான். எங்கள் தோணிக் கேப்டன் அந்த சீசனில் எந்தப் படகில் இருப்பார் என்று மெயில் போட்டுக் கேட்டிருக்கிறேன், பதில் வந்த பிறகுதான் முன்பணம் கட்டுவேன்.